ராத்தலுக்கு எத்தனை குண்டு?

துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்கள் '12 போர்' என்று சர்வ சாதாரணமாகச் சொல்வதை வாசகர்கள் கேட்டிருக்கலாம். 12 என்பது என்ன? அங்குலமா, விரற்கடையா? இரண்டும் இல்லை. ஒரு ராத்தல் ஈயத்தை உருக்கி 12 சம உருண்டைகளாக வார்த்தால், அந்த உருண்டை எந்தக் குழலில் சரியாக அடங்குமோ அந்தக் குழல்தான் 12 போர். கணக்குப் பார்த்தால் குறுக்களவு சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர் வருகிறது. எண் ஏற ஏறக் குழல் சிறுத்துப் போகும் விசித்திரத்துக்கு இதுதான் காரணம். ராத்தலும் வீசையும் நம் மளிகைக் கடைகளை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. துப்பாக்கிக்காரன் மட்டும் இன்னும் ராத்தலை விடவில்லை.

இந்தக் கணக்கு எனக்கு வேண்டியிருந்தது மோகனூர்ச் சிநேகிதர் ஒருவருக்காக. அவர் வீட்டில் ஒரு பழைய கைத்துப்பாக்கி தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் இனம். வாய்வழியாக மருந்தையும் குண்டையும் கெட்டிக்க வேண்டும். உரிமம் தகப்பனார் பெயரில் இருந்தது. அவர் காலமான பிறகு, சட்டப்படி உரிமம் பெற்ற ஒரு கடையில் அதை ஒப்படைத்திருந்தார்கள். "ஏனுங்க, ஒரு தடவையாவது இதை வெடிச்சுப் பாக்கோணும். எந்த அளவு குண்டுங்க போடறது?" என்று கேட்டார் சிநேகிதர்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருந்தது. வீட்டில் இரண்டு கதைகள். திப்புவின் குதிரைக்காரன் விட்டுப் போனது என்று ஒரு பாட்டி சொல்வாராம். கும்பினித் துரை ஒருவர் கொடுத்தது என்று பெரியப்பா சாதிப்பாராம். இரண்டையும் பொய் என்று தள்ள முடியாதபடி அமைந்திருக்கிறது அந்த ஊரின் பூகோளம். நாமக்கல் கோட்டையை 1768இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஹைதர் அலி திரும்பப் பிடித்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலமும் நாமக்கல்லும் பாராமகாலும் கும்பினிக்குக் கிடைத்தன. காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் நிர்வாகத்துக்கு வந்தார். ஆனால் ஆற்றுக்குத் தெற்கே கரூர்ச் சீமை 1799இல் திப்பு மாண்ட பிறகுதான் கும்பினியிடம் வந்தது. ஆக ஏழு வருஷம் மோகனூர்த் துறையில் குளித்தவன் கும்பினி ராஜ்யத்தில் நின்றுகொண்டு, திப்புவின் ராஜ்யத்தைப் பார்த்துச் சூரிய நமஸ்காரம் செய்திருக்கலாம். அவனுக்கு இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

துப்பாக்கியின் ஜாதகத்தைப் பூட்டுத் தகட்டில் பார்ப்பது வழக்கம். கும்பினிச் சரக்கானால் இருதய வடிவத்தில் அவர்கள் வியாபார முத்திரை இருக்கும். பிற்காலத்ததில் சிங்கம் நிற்கும். திப்புவின் தொழிற்சாலைச் சரக்கானால் புலிக்கோடோ புலிமுகமோ இருக்கும். சிநேகிதருடைய துப்பாக்கியில் துருவைத் தவிர ஒன்றும் இல்லை. ஆகவே குழலை அளப்பதே வழி என்று தீர்மானித்தோம்.

கடையிலிருந்த வயதான ரிப்பேர்க்காரர் அளவுகோலைத் தொடவில்லை. முதலில் ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டு, வாயருகே நகத்தால் அடையாளம் செய்துகொண்டார். குச்சியை வெளியே எடுத்துக் குழலின்மேல் வைத்துப் பார்த்தார். குச்சியின் நுனி தீத்துவாரம் வரையில் எட்டியது. எட்டாமல் நின்றிருந்தால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். நூறு வருஷம் ஆனாலும் கருமருந்து நனையாதிருந்தால் தன் குணத்தை மறப்பதில்லை.

பிறகு அளவு. வாயருகே 15.2 மில்லிமீட்டர். "இது பொய்யளவு, கம்பி உரசி உரசி வாய் அகன்றிருக்கும்" என்றார். எண்ணெய் தடவிய ஈயக் கட்டி ஒன்றைக் குழலுக்குள் இறுக்கித் தட்டி வெளியே எடுத்தார். அது காட்டிய உண்மையளவு 14.7. ராத்தல் கணக்கில் 24 போர். கும்பினிக் குதிரைப்படையின் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் பதினாறரை மில்லிமீட்டர் அளவுக்குக் கிட்ட இருக்கும். ஆகப் படைச் சரக்கு என்று சொல்ல இடமில்லை. சொந்தப் பணத்தில் வாங்கிய ஓர் அதிகாரியுடையதாக இருக்கலாம். அதைப் பார்த்து நம் கொல்லன் ஒருவன் அடித்ததாகவும் இருக்கலாம். பாட்டியும் பெரியப்பாவும் சமமாகவே நின்றார்கள்.

குழல் 14.7 என்றால் குண்டும் 14.7 தானே என்று தோன்றும். அப்படிப் போட்டால் உள்ளேயே போகாது; பாதி வழியில் சிக்கினாலோ ஆபத்து. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழலே வெடித்துக் கையைக் கொண்டு போகும். எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் சிப்பாயும் வேட்டைக்காரனும் பிரிந்து போனார்கள். 'பிரௌன் பெஸ்' என்ற கும்பினிக் காலத்துத் துப்பாக்கியின் குழல் முக்கால் அங்குலம், குண்டோ 0.69 அங்குலந்தான். ஒன்றரை மில்லிமீட்டர் தாராளம்! சிப்பாய்க்குக் குறி முக்கியமில்லை, வேகந்தான் முக்கியம். கரி படிந்த குழலிலும் குண்டு தடையில்லாமல் விழ வேண்டும். எதிரே நிற்பது ஒரு மனிதன் அல்ல, வரிசை. வேட்டைக்காரனுக்கு எதிரே இருப்பது ஒரே ஒரு மான். அவன் குண்டைக் கொழுப்புத் தடவிய துணியில் பொதிந்து, இறுக்கிக் கெட்டித்தான்.

எங்கள் கணக்கு இப்படி முடிந்தது: குண்டு 14.3 மில்லிமீட்டர், சுத்த ஈயத்தில் வார்த்தால் எடை சுமார் ஒன்றரைத் தோலா. பக்கத்துக்கு 0.2 மில்லிமீட்டர் இடம். அதில் 0.3 கனமுள்ள, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி நசுங்கி உட்காரும். பருத்திதான் வேண்டும், பாலியெஸ்டர் உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். சுட்ட பிறகு கீழே விழும் துணியைப் பொறுக்கிப் பார்க்க வேண்டுமாம். ஓரம் மட்டும் கருகியிருந்தால் பொருத்தம் சரி. நடுவில் பொசுங்கியிருந்தால் துணி மெல்லிசு. கிழிந்திருந்தால் இறுக்கம் அதிகம் அல்லது குழலின் விளிம்பு கூர். ஜோசியர்கள் ஜாதகப் பொருத்தத்துக்கு இவ்வளவு தெளிவான சோதனை சொல்வதில்லை.

இறுக்கம் வேண்டுமென்றால் கொழுப்பு வேண்டும். இந்தச் சின்ன விஷயம் ஒரு சாம்ராஜ்யத்தையே உலுக்கியது. மறைகள் வெட்டிய என்ஃபீல்டு துப்பாக்கியைக் கும்பினி கொண்டுவந்தபோது, அதன் தோட்டாக் காகிதத்தில் பூசிய கொழுப்பு பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம்மில் கிளம்பியது. மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். கலகத்துக்கு வேறு காரணங்கள் ஆயிரம் உண்டு. ஆனால் சிப்பாயின் பல்லுக்கும் உதட்டுக்கும் எட்டிய காரணம் இதுதான்.

அதன் பின் 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. பத்து வருஷம் கழித்து அதே மோகனூரில், ஹெட் கான்ஸ்டபிள் ஒருவருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. 1930இல் வேதாரண்ய உப்பு யாத்திரைக்கு, ஆயுதமில்லாத யுத்தத்தைப் பற்றி அவர்தான் பாட்டு எழுதிக் கொடுத்தார். போலீஸ்காரர் வீட்டிலிருந்து வந்த பாட்டு!

எங்களுக்கு மீந்தது அச்சு. சீமைக் கைத்துப்பாக்கிகள் தத்தம் அச்சுடன் பெட்டியில் விற்கப்பட்டன. பல தேசங்களில் மாக்கல்லிலும் அச்சுக் குடைந்திருக்கிறார்கள். நம் பாட்டிமார் குழம்பு வைத்த கல்சட்டியின் கல்தான் அது, சூடு தாங்கும். சிநேகிதர் வீட்டில் அச்சு எதுவும் அகப்படவில்லை. அச்சில்லாத துப்பாக்கி தாலியறுத்தது மாதிரி என்றார் ரிப்பேர்க்காரர்.

அவரே இன்னொன்றும் சொன்னார். ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளானால் 1959ஆம் வருஷத்துச் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. குழலில் ஒரு துளை போட்டு அடைத்துவிட்டால் கூடத்திலேயே மாட்டி வைக்கலாம், அதற்கும் முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். உயிரோடு இருக்க வேண்டுமானால் உரிமம் கேட்டு அலைய வேண்டும். தேர்ந்தவர் குழலைச் சோதித்துச் சான்று தரும்வரை சுடக் கூடாது. சிநேகிதர் குழலின் வாயை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "துளை வேண்டாங்க" என்றார். உரிமத்துக்கு மனுப் போட்டிருக்கிறார், 14.3 மில்லிமீட்டர் அச்சுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.