பொன்முலாம் பூசிய கைகள்

பிரான்ஸ் தேசத்து வெர்ஸேல்ஸ் அரண்மனையில் சுமார் 7 அடி உயரமுள்ள கடிகாரம் ஒன்றுண்டு. பதினைந்தாம் லூயி மன்னனுக்காக 1754-ம் ஆண்டில் அங்கு வைக்கப்பெற்றது. நாள், மாதம், பிறையின் வளர்ச்சி, கிரகங்களின் கதி யாவற்றையும் காட்டுவது. 9999-ம் ஆண்டுவரை தேதி சொல்லும்படி அமைந்தது. கணக்கிட்டவர் பாஸ்மான், யந்திரம் செய்தவர் தோத்தியோ, பொன்னொளி வீசும் வெண்கலக் கூட்டை ஆக்கியவர்கள் காஃபியேரியும் அவர் மைந்தரும். அக்கூட்டில் நேர்கோடு காண்பதரிது. இலையும் சங்கும் அலைபோல வளைந்து நெளியும் அவ்வேலைப்பாட்டை ரோகோகோ பாணி என்பர்.

இத்தகைய கடிகாரம் ஒருவர் கைவேலையன்று. அக்காலப் பாரிஸ் நகரில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சங்கம் இருந்தது. கடிகாரத் தொழிலாளி யந்திரத்தை அமைப்பான். வார்ப்புக்காரன் வெண்கலத்தை உருக்கி அச்சில் வார்ப்பான். செதுக்குவோன் சிற்றுளி கொண்டு இலையின் நரம்பையும் எடுத்துக் காட்டுவான். அதன்பின் வேலை முலாம் பூசுவோனிடம் சேரும். அவன் பொன்னைப் பாதரசத்தோடு வெண்ணெய்போற் குழைத்து, வெண்கலத்தின்மீது தடவி, கரியடுப்பில் காய்ச்சுவான். பாதரசம் ஆவியாய்ப் போக, பொன் மட்டும் உலோகத்தோடு ஒன்றி நிற்கும். பின்னர் வழுவழுப்பான கல்லால் தேய்த்துச் சில இடங்களை மின்னச் செய்வான். சிலவற்றை மங்கலாகவே விடுவான். அந்த ஒளியும் நிழலுமே இக்கடிகாரங்களின் அழகு.

அந்த ஆவி எங்கே சென்றதென்று நாம் கேட்க வேண்டாவா? பூசியவனின் மூச்சிற் புகுந்தது. கைகள் நடுங்கின, ஈறுகள் புண்ணாகிப் பற்கள் உதிர்ந்தன, பலர் ஆயுள் குறைந்து மாண்டனர். கடிகாரத்தின் முகப்பில் கடிகாரக்காரர் பெயர் விளங்கும். முலாம் பூசியவன் பெயரையோ நாம் பெரும்பாலும் காண்பதில்லை.

இது தலைவிதியென்று வாளாவிராதவர் ஒருவர் இருந்தார். பாரிஸில் வெண்கலத் தொழில் நடத்திய ராவ்ரியோ என்பவர் 1814-ல் காலமானபோது, முலாம் பூசுவோரைப் பாதரச நஞ்சினின்றும் காக்கும் வழி காண்பவருக்கு 3000 பிராங்கு பரிசளிக்குமாறு மரண சாசனம் எழுதி வைத்திருந்தார். அத்தொழிலால் பொருளீட்டிய முதலாளியே அதன் தீங்கை ஒப்புக்கொண்டார் என்பது நாம் கருதத்தக்கது. தார்ஸே என்னும் இரசாயன அறிஞர், நச்சாவியைப் புகைபோக்கி வழியே வெளியே இழுக்கும் அடுப்பை அமைத்து அப்பரிசை வென்றார். அதன் விவரத்தை 1818-ல் நூலாகவும் வெளியிட்டார். 1840-ம் ஆண்டையொட்டி மின்சாரத்தால் முலாம் பூசும் முறை வந்தது. பாதரச அடுப்புகள் படிப்படியாகக் குறைந்தன.

கேடு விளைத்தது விதியன்று. புகை செல்ல வழியில்லாத அடுப்பேயாம். பொன்னொளி கண்டு வியக்கும் நாம், அதனைப் பூசிய கைகளையும் சற்று நினைப்போமாக.