கண்ணாடியிற் படிந்த மாசு



பழைய தொலைகாட்டி ஒன்றை உடையவர், அதன் வில்லையில் ஊதாவும் பழுப்புமாக ஒரு மங்கல் படர்ந்திருக்கக் கண்டால் என்ன செய்வார்? துணியெடுத்துத் தேய்ப்பார், போகாவிட்டால் வில்லை கெட்டதென்று மனம் வருந்துவார். 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அறிந்தவர்களும் அவ்வாறே எண்ணினர்.

இங்கிலாந்தின் யோர்க் நகரிலே குக் தொலைகாட்டித் தொழிலகத்தில் வில்லைகளை வகுத்தவர் டெனிஸ் ரெயிலர். அவர் 1891இல் வெளியிட்ட நூலொன்றில், உரிமையாளர் ஐயுறும் அந்த மாசு உண்மையில் அவருக்கு நண்பனே என்று எழுதினார். மாசு படிந்த வில்லை புது வில்லையைவிட அதிக ஒளியை உள்ளே விடுகின்றது என்பதே அவர் கண்டது.

இது எத்துணைப் பெரிய செய்தி என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். மெருகிட்ட கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் 100இற்கு ஏறத்தாழ 4 பங்கைத் தெறித்துவிடும். ஒரு முகமென்றால் அது அற்பம். நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கடற்பரப்பை நோக்கும் பெரிஸ்கோப்பைப் போன்று, வில்லைகள் பல அடுக்கிய கருவியில் 20 முகங்கள் இருப்பின், புகுந்த ஒளியில் 44 பங்கே கண்ணை வந்தடையும். தெறித்த ஒளியோ கருவிக்குள்ளே அலைந்து காட்சியின்மேல் வெண்திரை போர்த்திவிடும். அந்தி வேளையிற் பகைவனின் கப்பலைத் தேடுபவனுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

மாசு செய்த வேலை யாது? காற்றின் ஈரமும் அமிலமும் கண்ணாடியிலுள்ள பிற ஒட்சைட்டுக்களைக் கரைத்து, நுண்துளைகள் நிறைந்த சிலிக்காக் கூட்டை மட்டும் மேலே விட்டுவைக்கின்றன. பாதி கண்ணாடி, பாதி காற்று. வாசலில் ஒரு படி வைத்ததுபோல, ஒளி தடையின்றி உள்ளே ஏறுகின்றது. அமிலம் பட்ட கண்ணாடி குறைவாகத் தெறிப்பதை 1817இலேயே ஜேர்மனியில் பிரௌன்கோபர் கண்டிருந்தார். றேலி பிரபுவும் 1886இல் பழைய கண்ணாடியை அளந்து இதனை அறிந்தார். ரெயிலர் 1904இல் அமிலத்தால் இம் மாசை வேண்டுமென்றே உண்டாக்கும் முறைக்குக் காப்புரிமை நாடினார். ஆனால் ஒரு கண்ணாடி இணங்கியது, மற்றொன்று இணங்கவில்லை. நல்ல கருத்து, தொழிலிற் காலூன்றாது கிடந்தது.

1935இல் யேனா நகரத்து சைஸ் தொழிலகத்தில் ஸ்மக்குலா என்பவர் வழியை மாற்றினார். கண்ணாடியிலிருந்து எடுப்பதை விட்டு, வெற்றிடத்தில் ஆவியாக்கிய பொருளை அதன்மேல் மென்படலமாகப் படியச் செய்தார். ஜேர்மனி அதனைப் படை இரகசியமாகப் பேணியது. அமெரிக்காவில் 1938இல் கதரின் பிளொஜெற் என்னும் பெண் விஞ்ஞானி, சவர்க்காரம் போன்றதொரு பொருளின் 44 மூலக்கூற்று அடுக்குகளைக் கண்ணாடிமேல் ஏற்றித் தெறிப்பை ஏறக்குறைய நீக்கிக் காட்டினார். அழகான சோதனைதான், எனினும் விரலாற் தேய்த்தால் அழியும். சூடாக்கிய கண்ணாடிமேல் மகனீசியம் புளோரைட்டைப் படியவைக்கும் முறை இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் கைவந்த பின்னரே, துடைத்தாலும் போகாத படலம் கிடைத்தது.

அந்த ஒற்றைப் படலத்திற்கும் ஒரு குறையுண்டு. பச்சை ஒளிக்கு அளவாய் அமைந்தது சிவப்புக்கும் நீலத்துக்கும் அளவாகாது. வில்லைகள் ஊதா நிறமாய் மின்னுவது அதனாலேயே. எல்லா நிறத்துக்கும் இசையும் வழியை ஒரு பூச்சி வைத்திருந்தது. 1962இல் பேர்ண்ஹாட், மில்லர் என்போர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அந்துப்பூச்சியின் கண்ணை நோக்கியபோது, ஒளியின் அலைநீளத்தினும் சிறிய முகைகள் அதன் பரப்பெங்கும் நெருங்கி நின்றன. இங்கே படி இல்லை, சரிவே உண்டு. இங்கிலாந்தில் 1973இல் கிளப்பம், ஹட்லி என்னும் இருவர் இதனைச் செயற்கையாகச் செய்து காட்டினர்.

உறுதியான பொருளில் அச்சரிவை அமைப்பதே எஞ்சிய தொல்லை. 1997இல் ஜப்பானில் தடனகா முதலியோர் கையாண்ட முறை நம் அடுக்களைக்கே உரியதுபோல் இருந்தது: அலுமினியம் ஒட்சைட்டுப் படலத்தைக் கொதிநீரில் இட்டார்கள், பரப்பிலே நுண்ணிய இதழ்கள் மலர்ந்தன, மீண்டும் சுட்டபோது அவ்விதழ்கள் அழியாமல் நின்றன. 2008இல் கனொன் நிறுவனம் வெளியிட்ட புகைப்பட வில்லையொன்றிலும் அதே ஒட்சைட்டாலான, 220 நானோமீற்றர் உயரமுள்ள ஆப்புகள் இடம்பெற்றன.

வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்காய்க் கிடக்கும் சூரிய மின்தகடுகளின் கண்ணாடிகள் பலவற்றில் இன்று பூசப்படுவது நுண்துளைச் சிலிக்காப் படலம். யோர்க் நகரத்து வில்லைகளில் ரெயிலர் கண்ட மாசும் அதுவே.