மயில் ஆர்த்த ஊர்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில், தியாகராய நகர் பேருந்து நிலையத்தில் என் மாணவர் ஒருவர் தம் கைபேசியையும் காதணிக் கருவியையும் என்னிடம் நீட்டி, "கேட்டுப் பாருங்கள் ஐயா" என்றார். ஆப்பிரிக்கப் புல்வெளி ஒன்றின் விடியற்காலை. தொலைவில் புறாக்களின் முனகல், நெருக்கத்தில் பூச்சிகளின் இரைச்சல், இடையிடையே பெயர் தெரியாத பறவையொன்றின் நீண்ட சீழ்க்கை. சுற்றிலும் ஊதுகுழல்கள் அலறிக்கொண்டிருந்த அந்த இடத்தில் நான் கென்யாவில் நின்றுகொண்டிருந்தேன். கருவியைக் கழற்றியதும் ஒரு கேள்வி எழுந்தது. நான் நின்ற அதே மண் நூறாண்டுகளுக்கு முன் எவ்வாறு ஒலித்திருக்கும்?

அந்த மண் அப்போது நிலமாகவே இல்லை. அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்று அழைத்தனர். 1920களில் அதன் நீரை வடித்துத்தான் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ சாலை' இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. ஏரி போனபோது நீர்ப்பரப்பு மட்டும் போகவில்லை. தவளைகளின் இரவும் நீர்ப்பறவைகளின் வைகறையும் சேர்ந்தே போயின. நிலப்பதிவேட்டில் ஏரியின் பரப்பு இருக்கும். ஒலியைக் குறித்துவைக்க எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை.

ஆயினும் இந்நகரின் ஒரு பகுதி தன் ஒலியைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. மயில் ஆர்ப்பு ஊர் என்பதே மயிலாப்பூர் ஆயிற்று என்பது பெயர் விளக்கங்களுள் ஒன்று. ஆர்ப்பு என்றால் ஆரவாரம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் 'மாலியார்பா' என்னும் துறை இவ்வூரே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். உமை மயிலுருக் கொண்டு இறைவனை வழிபட்ட தலம் என்று தலபுராணம் சொல்லும். சொல்லாராய்ச்சியின் முடிவு எதுவாயினும், ஊர்ப்பெயரில் மயிலின் தோகையைக் காணாமல் அதன் குரலைக் கேட்ட ஒரு மரபு இங்கே இருந்திருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒலிப்பதிவுக் கருவி வருவதற்கு முன் மனிதனிடம் இருந்த ஒரே ஒலிப்பதிவு சொல்தான். தமிழ் அதனைச் சிக்கனமாகவும் நுட்பமாகவும் செய்தது. மயில் அகவும், குயில் கூவும், காகம் கரையும், ஆந்தை அலறும், கூகை குழறும், புறா குனுகும். குக்குறுவான் என்னும் பெயரில் அப்பறவையின் குரலே இருக்கிறது. ஆள்காட்டி என்ற பெயரோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அது குரலைப் போலச் செய்வதில்லை, அக்குரல் காட்டில் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறது. தொல்காப்பியர் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது மரத்தோடும் விலங்கோடும் புள்ளையும் பறையையும் யாழையும் ஒரே பட்டியலில் வைக்கிறார். ஒரு நிலத்தின் பறவைக்குரலும் அந்நிலத்து மாந்தரின் இசையும் ஒன்றுக்கொன்று உறவுடையவை என்ற எண்ணம் அதில் இருக்கிறது. கனடா நாட்டு இசையமைப்பாளர் மர்ரே ஷேஃபர் 1977ல் வெளியிட்ட நூலின் வழியாக 'ஒலிச்சூழல்' என்ற கருத்து உலகெங்கும் பரவியது. தமிழாசிரியனுக்கு அது முற்றிலும் புதிதாகத் தோன்றாது. நாம் முந்தினோம் என்று மார்தட்ட இதனைச் சொல்லவில்லை. அப்படி ஒரு செவியைப் பெற்றிருந்தும் பிறகு அதை என்ன செய்தோம் என்று கேட்கவே சொல்கிறேன்.

இப்பகுதிப் பறவைகளைக் கண் வெகுகாலமாகவே பதிவு செய்துவந்திருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி அனுப்பிய சென்னைப் பறவைகளின் சித்திரங்கள், 1713ல் வெளியான ஜான் ரேயின் நூலில் இடம்பெற்றன. நீர்நிலை ஓரங்களில் இனிமையாகப் பாடும் வெண்புருவ வாலாட்டியின் அறிவியல் பெயரில் 'மதராஸ்பட்டினம்' இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்டன் தம் இந்தியப் பறவைச் சித்திர நூலை 1843 முதல் 1847 வரை இந்நகரிலேயே வெளியிட்டார். இவை அனைத்தும் அழகிய, ஆனால் ஊமையான பக்கங்கள்.

பறவையின் குரல் முதன்முதலாகக் கருவியில் பதிவானது 1889ல் என்பர். ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுச் சிறுவன், தந்தை வாங்கித் தந்த எடிசன் கருவியின் மெழுகு உருளையில் தன் வளர்ப்புப் பறவையின் பாட்டைப் பதித்தான். அப்பறவை சோலைபாடி, நம் நாட்டுக் காடுகளுக்கு உரியது. உலகின் முதல் பறவையிசைப் பதிவில் பாடியது கூண்டிலிருந்த நம் ஊர்ப் பறவை என்பதில் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு. பின்னர் 1929ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் காட்டுப் பறவைகளைத் திறந்தவெளியிலேயே பதிவு செய்தனர். அப்பல்கலைக்கழகமே 1958ல் மைல்ஸ் நார்த் கிழக்கு ஆப்பிரிக்காவில் திரட்டிய பறவைக் குரல்களை இசைத்தட்டாக வெளியிட்டது. என் மாணவரின் கைபேசிக்கு வந்துசேர்ந்த ஆப்பிரிக்க விடியலின் முன்னோர் இவர்கள்.

இதே காலத்தில் மயிலாப்பூரில் ஒருவர் கருவியின்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912 - 1996) வளர்ந்த மயிலாப்பூரில் புதர்களும் நரிகளும் வெளிமான்களும் இருந்தன. 1950 முதல் தம் இறுதிவரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் அவர் இடைவிடாது எழுதிய பத்தி, இந்திய இயற்கை எழுத்தில் ஒரு தனிச்சாதனை. காடுகளுக்குச் சென்று யானைகளைப் படமெடுத்தவர், தம் வீட்டுக் கூரையின் காகத்தையும் அணிலையும் அதே மதிப்போடு எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தபோது அந்நூலுக்கு அமைந்த தலைப்பு 'மழைக்காலமும் குயிலோசையும்'. ஒரு பருவத்தையும் ஒரு குரலையும் அருகருகே வைக்கும் அத்தலைப்பைத் திணை மரபின் தொடர்ச்சியாகவே நான் வாசிக்கிறேன்.

எஞ்சியிருப்பது என்ன? 1882ல் பிரம்மஞான சபை அடையாற்றில் தோட்டம் வாங்கிக் குடியேறியதால் ஆற்றின் தென்கரையில் ஒரு சோலை பிழைத்தது. கிண்டிக் காடு 1978ல் தேசியப் பூங்காவாயிற்று. அதே ஆண்டில் சென்னை இயற்கையாளர் சங்கமும் தோன்றியது. குப்பைமேடாகிக் கிடந்த அடையாற்று ஓடைப் பகுதி சீரமைக்கப்பட்டு 2011ல் திறக்கப்பட்டபோது, அதற்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயரிட்டனர். புள்ளையும் யாழையும் ஒருங்கே எண்ணியவரின் பெயர் ஆள்காட்டிகள் திரியும் இடத்துக்குப் பொருத்தமானதே.

ஆனால் பறவை எஞ்சினால் பாட்டும் எஞ்சும் என்று சொல்லிவிட முடியாது. ஹாலந்தின் லைடன் நகரில் இரைச்சல் மிக்க இடங்களில் வாழும் பட்டாணிக் குருவிகள், அவ்விரைச்சலுக்கு மேலே கேட்கும்படி உயர்ந்த சுருதியில் பாடுவதை 2003ல் கண்டறிந்தனர். 2020ல் ஊரடங்கின்போது சான் பிரான்சிஸ்கோவின் சிட்டுகள் குரலைத் தணித்துப் பாடின. தணிந்தும் அவை முன்னிலும் தொலைவுக்குக் கேட்டன. அதுவரை அவை நம்மோடு கத்திப் பேசிக்கொண்டிருந்தன என்பதே அதன் பொருள். அந்த ஆண்டின் சித்திரை மாதத்தில் மந்தைவெளியில் என் வீட்டு மாடியில் நின்று, தெரு முனை அரசமரத்துக் குக்குறுவானை நான் முதன்முறையாக முழுமையாகக் கேட்டேன். பல ஆண்டுகளாக அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

'மயில் - அகவும்' என்பது எங்கள் வினாத்தாளில் ஒரு மதிப்பெண். மாணவர்கள் தவறாமல் எழுதிவிடுகிறார்கள். அகவலைக் கேட்டவர் எத்தனை பேர் என்று வகுப்பில் கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன. அகவல் ஓசையை யாப்பிலக்கணத்தில் கற்பிக்கும் நானும் நாற்பது வயதுக்குப் பிறகுதான் மயிலின் குரலை நேரில் கேட்டேன் என்பதை அவர்களிடம் ஒப்புக்கொண்டேன். சொல்லைக் காப்பாற்றிவிட்டோம், அது சுட்டிய ஒலியைத் தவறவிட்டோம். ஒலியை இழந்த சொல் எத்தனை தலைமுறைக்கு உயிரோடிருக்கும்?

உலகப் பறவைக் குரல்களை யார் வேண்டுமானாலும் சேர்க்கத்தக்க இணையக் களஞ்சியம் 2005 முதல் இயங்கிவருகிறது. நல்ல கைபேசி ஒன்றே அதற்குப் போதும். இவ்வாண்டு என் மாணவர்களுக்குக் கொடுத்த ஒப்படைப்பு கட்டுரை அன்று. தத்தம் தெருவின் விடியற்காலைப் பத்து நிமிடத்தைப் பதிந்து, கேட்ட ஒவ்வொரு குரலுக்கும் தமிழில் உரிய வினைச்சொல்லைத் தேடி எழுத வேண்டும். முதலில் வந்த பதிவு தியாகராய நகரிலிருந்து. பால் வண்டி, கோயில் மணி, தொலைவில் ரயில். அவற்றினிடையே ஒரு குயில். அப்பெண் கீழே எழுதியிருந்தாள்: "கூவுகிறது. ஆனால் மிகவும் உரக்க."