நந்தா விளக்கும் ஸ்மார்ட் விளக்கும்

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பயில்வோர் அடிக்கடி எதிர்கொள்ளும் செய்தி ஒன்றுண்டு: கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடு அளித்தமை. இரவும் பகலும் அணையாது எரியும் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இறப்பவற்றைக் குட்டிகள் ஈடு செய்யும் என்பதால் அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. வெளிச்சத்தின் விலை என்ன, அதற்கு உழைப்பவர் யார் என்பதெல்லாம் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருந்தது.

மின்விளக்கு இந்தக் கணக்கைக் கண்ணுக்கெட்டாத தொலைவுக்குக் கொண்டுபோய்விட்டது. அது இன்றும் கண்ணெதிரே தெரியும் ஊர்களுள் ஒன்று நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் உருவாயிற்று. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது; 1962இல் சோவியத் உதவியுடன் அமைந்த அனல் மின் நிலையம் மின்சாரம் தந்தது. வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. சுற்றிலும் பல சிற்றூர்கள் மறைந்தன. 2020 ஜூலை 1ஆம் நாள் இரண்டாம் அனல் மின் நிலையத்தின் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின.

இப்பின்னணியில்தான் ஸ்மார்ட் விளக்கை எடைபோட வேண்டும். கைபேசியின் கட்டளைக்குக் காத்திருப்பதால், அணைந்திருக்கும்போதும் அது சுமார் அரை வாட் மின்சாரம் உண்கிறது. ஆண்டு முழுவதும் அவ்வாறு காத்திருந்தால் ஒரு விளக்குக்கு ஏறத்தாழ 4 யூனிட். பத்து விளக்குகளுக்கு 44 யூனிட். ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எனக் கொண்டால், இருட்டில் காத்திருப்பதற்கே அரைக் குவிண்டாலை நெருங்கும் கரி. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் எரியும் 9 வாட் எல்இடி விளக்கு ஆண்டில் கொள்வது 13 யூனிட்தான். பணக்கணக்கில் இது சிறு தொகை என்பது உண்மையே. பழைய 60 வாட் குண்டு பல்பை நோக்க எல்இடி பெரும் சிக்கனம் என்பதும் உண்மையே. ஆனால் அச்சிக்கனத்தைத் தந்தது எல்இடி, கைபேசி அன்று.

மற்றொரு கேள்வி, விளக்கு யார் வசம் உள்ளது என்பது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி நின்றன. பல வீடுகளில் கைபேசிக் கட்டளைகள் செயலிழந்தன. பின்னர் பயனர் சிலர் அந்நிறுவனத்தை வாங்கி மீட்டனர். இடையரை நம்பிய நந்தா விளக்குக்காவது அவர் எந்த ஊரினர் என்பது தெரிந்திருந்தது!

படுக்கையை விட்டு எழ இயலாத முதியவருக்கும், பார்வையோ கைகால் வலிமையோ குன்றியவருக்கும் குரலுக்கு எரியும் விளக்கு பெரும் துணை. அங்கே இச்செலவு தகும். ஆளரவம் அறிந்து எரியும் படிக்கட்டு விளக்கும் பயனுள்ளதே. அதற்குக் கைபேசியும் வேண்டா, சர்வரும் வேண்டா. ஏனையோருக்குச் சுவரிலுள்ள சுவிட்சே போதும் என்பது என் கருத்து. மாறுபடும் நண்பர்கள், 44 யூனிட்டையும் கணக்கில் கொண்டு மாறுபடுவார்களாக.