குளிர் தீட்டிய நிறம்: சயாமியப் பூனை பிறந்த கதை

சயாமியப் பூனைக்குட்டி பிறக்கும்போது உடம்பெல்லாம் வெள்ளை. கண் திறந்து, தவழ்ந்து, தாயை விட்டு நாலடி நகரும் நாட்களில்தான் காது மடலில் லேசாகச் சாம்பல் பூக்கும். அடுத்து மூக்கு, பாதங்கள், வால். சில மாதங்களில் முகமும் காதும் காலும் வாலும் கருத்து, நடு உடம்பு மட்டும் சந்தன நிறத்தில் நிற்க, நீலக் கண்ணோடு அது வேறொரு பூனையாகிவிடும். இந்த அழகைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டு வாங்குகிறோம். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டவர்கள் இந்தப் பூனையை இன்னும் நன்றாக வளர்ப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

இந்தப் பூனையின் தாயகமான சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து, தஞ்சாவூருக்குத் தெரியாத நாடல்ல. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து வென்ற ஊர்களைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அதில் வரும் தலைத்தக்கோலம் இன்றைய தாய்லாந்தின் தகுவா பா என்றும், மாதமாலிங்கம் நக்கோன் சி தம்மராட் என்றும் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அதற்கும் முன்னதாக, ஒன்பதாம் நூற்றாண்டில், ஒரு குளத்தை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரின் காவலில் விட்டதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு தகுவா பாவிலேயே கிடைத்திருக்கிறது. இங்கே காவிரி, அங்கே சாவ் பிரயா. இரண்டு கரையிலும் நெல். நெல் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலி வரும் வீட்டில் பூனைக்கு இடமுண்டு. நம் பக்கத்தில் வயல் எலிக்கு மூங்கிலில் தஞ்சாவூர்க் கிட்டி செய்து வைத்தோம். பத்தாயத்துக்கும் குதிருக்கும் நாட்டுப் பூனையைக் காவல் விட்டோம்.

சயாம்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். பூனைகளுக்கென்றே சுவடி எழுதினார்கள். ‘தம்ரா மேயோ’ என்ற அந்த மடிப்புச் சுவடிகளில் ஒவ்வொரு வகைப் பூனைக்கும் படமும் பாட்டும் உண்டு. எது வீட்டுக்கு நன்மை தரும், எது ஆகாது என்ற லட்சணமும் உண்டு. நம் ஊரில் மாட்டுக்கும் குதிரைக்கும் சுழி பார்த்து எழுதி வைத்த அதே அக்கறை. சயாமின் பழைய அயுத்தயா அரசு காலத்து மரபு என்கிறார்கள். இன்று கையில் இருப்பவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுப் பிரதிகள். வெள்ளை உடம்பும் கருத்த வாயும் காதும் காலும் வாலும் கொண்ட பூனைக்கு அதில் விச்சியன்மாத் என்று பெயர். நன்மை தரும் பூனைகளில் அது ஒன்று.

அதன் மாறுகண்ணுக்கும் வால் நுனியில் இருந்த முடிச்சுக்கும் அரண்மனைக் கதைகள் பிறந்தன. குளிக்கப் போன இளவரசி மோதிரங்களைப் பூனையின் வாலில் கோத்து வைத்தாளாம். அவை நழுவாமலிருக்க வால் தானே வளைந்துகொண்டதாம். கோயிலின் பொற்கிண்ணத்தைக் கண்ணெடுக்காமல் காத்ததில் பார்வை உள்ளே திரும்பிவிட்டதாம். இனிமையான கதைகள். உடம்புக்குள் நடந்த கதை இவற்றைவிட வியப்பானது.

தோலுக்கும் முடிக்கும் கரிய நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். சயாமியப் பூனையின் மூதாதை ஒன்றில் இந்த நொதிக்கான மரபணுவில், ஏடு எழுதுபவர் கை ஓர் எழுத்தில் தவறியதுபோல, ஒரே ஒரு மாற்றம் நேர்ந்தது. அந்த மாற்றம் எது என்பதை மரபியலாளர்கள் 2005இல் வெளியிட்டார்கள். அதன் விளைவாக நொதி சூட்டைத் தாங்காததாகிவிட்டது. பூனையின் உடற்சூடு சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் நொதி வேலை செய்யாது, முடி வெளுப்பாகவே வளரும். காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை உடம்பின் ஓரங்கள். அங்கே சூடு குறைவு. அங்கே மட்டும் நொதி விழித்துக்கொண்டு கருப்பைத் தீட்டுகிறது. தாயின் கருப்பை முழுவதும் ஒரே சூடு என்பதால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கிறது.

1930இல் மாஸ்கோவைச் சேர்ந்த, இல்யின் என்ற பெயருடைய இரு ஆய்வாளர்கள் இதைச் சோதனை செய்து காட்டினார்கள். சயாமியப் பூனையின் வெளிறிய இடத்தில் முடியை மழித்துக் குளிரில் வைத்தபோது, அங்கே புதிதாக வளர்ந்த முடி கருத்திருந்தது. ஆகவே தஞ்சாவூர் வெயிலில் வளரும் பூனை வெளிறியும், ஊட்டியில் வளரும் அதன் கூடப்பிறந்தது கருத்தும் இருந்தால் வியப்பில்லை. கருத்தடை அறுவைக்காக முடி மழித்த இடம் பிறகு திட்டாகக் கருத்துப்போனாலும் பயப்பட வேண்டாம். அடுத்த முறை முடி உதிர்ந்து முளைக்கும்போது பெரும்பாலும் சரியாகிவிடும்.

நீலக் கண்ணும் இதே மாற்றத்தின் பிள்ளைதான். கருவிழியில் நிறமி இல்லை, அதனால் நீலம். கரு வளரும்போது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளுக்கும் அந்த நிறமி தேவைப்படுகிறது. அது குறைந்தால் சில நரம்புகள் போக வேண்டிய பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்கின்றன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹூபெலும் வீசலும் 1971இல் இதைச் சயாமியப் பூனையில் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். மாறுகண் அந்தக் கோளாற்றோடு வருவது, நோயல்ல. தூரத்தை அளந்து தாவுவதில் இந்தப் பூனை சற்றுத் தடுமாறலாம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அதை நடக்க விடாதீர்கள்.

மேற்குக்கு அது போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சியில் சயாமியப் பூனைகள் இருந்தன. பாங்காக்கில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த எட்வர்ட் கூல்ட் 1884இல் ஒரு ஜோடியைத் தங்கைக்காகக் கொண்டுபோனார். அந்தத் தங்கை லிலியன் வேலியும் சேர்ந்து தொடங்கிய சயாமியப் பூனைச் சங்கம் 1901இல் பிறந்தது. பின்னர் வளர்ப்பவர்கள் போட்டிக்காகத் தலையைக் கூம்பாகவும் உடம்பை ஒல்லியாகவும் தேர்ந்து தேர்ந்து பெருக்கினார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. உருண்டைத் தலையும் உறுதியான உடம்பும் கொண்ட பழைய சயாம் வடிவமே பூனைக்கு நல்லது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்த நிறம் வர தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வர வேண்டும். கலப்புப் பூனைகளிலும் அப்படி அமையலாம் என்பதால் நிறத்தை மட்டும் வைத்து அசல் சயாமியம் என்று சொல்லிவிட முடியாது. குட்டி வாங்குமுன் தாயைப் பார்க்கக் கேளுங்கள். தாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

சயாமியப் பூனை பேசும். பசித்தால் பேசும், கதவு மூடியிருந்தால் பேசும், நீங்கள் வந்தால் பேசும். பெண் பூனை சினைக்கு வரும்போது தெருவே விழிக்கும். நான்கைந்து மாதத்திலேயே அது நேரலாம் என்பதால் கருத்தடையைத் தள்ளிப்போடக் கூடாது. காலையில் பூட்டிவிட்டு மாலையில் திறக்கும் வீட்டில் ஒற்றைச் சயாமியப் பூனை ஏங்கிப்போகும். அப்படிப்பட்டவர்கள் இரண்டாக வளர்க்கட்டும்.

சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள் அன்பினால் வருபவை. தயிர்ச் சோறு பூனைக்கு உணவல்ல. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் போதிய அளவில் இருக்கிறது. அது குறைந்தால் பார்வை போகும். இதயத் தசை தளர்ந்து பெரிதாகும் நோயும் அதனால் வரும் என்று 1987இல் நிறுவினார்கள். சைவ வீட்டில் வளர்ப்பவர்கள் இதை யோசித்துவிட்டு வாங்க வேண்டும். கெண்டை மீனைப் பச்சையாகப் போடாதீர்கள். அதில் உள்ள ஒரு நொதி தயாமின் என்ற வைட்டமினை அழித்துவிடும். வேகவைத்து, முள்ளெடுத்துப் போடுங்கள். மீன் குழம்புச் சோறும் வேண்டாம், அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

டெல்டாவில் கொசு அதிகம், கொசுவத்திச் சுருளும் அதிகம். சயாமியப் பூனைக்கு ஆஸ்துமா வர வாய்ப்பு கூடுதல். சுருளும் சாம்பிராணியும் புகையும் அறையில் அதை அடைக்காமல் வலைக் கதவு போட்டுக்கொள்ளுங்கள்.

குறுவையிலும் சம்பாவிலும் வயலில் எலிக்குச் சிங்க் பாஸ்பைடு வைக்கிறார்கள். கிடங்குகளில் ரத்தம் உறையவிடாத மருந்து வைக்கிறார்கள். விஷம் தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகலாம். அதனால் நம் பகுதியில் இந்தப் பூனையை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பதே சரி. முற்றமுள்ள ஓட்டு வீடானால் முற்றத்துக்கு வலை கட்டுங்கள். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். சோர்ந்து கிடந்தால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்; ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி உட்பட தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள்.

நன்றாக வைத்துக்கொண்டால் இந்தப் பூனை 12 முதல் 15 ஆண்டுகள் உங்களோடு இருக்கும். அத்தனை ஆண்டும் நேரமும் துணையும் தர முடியும் என்றால் வாங்குங்கள். முடியாதென்றால், நீலக் கண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தெருவில் கத்தும் நாட்டுக் குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள்; இந்தச் சூட்டுக்குப் பழகிய அதற்கும் ஒரு வீடு வேண்டும்.