‘அட்வைஸ்’ என்னும் சொல்லின் வரலாறு

அறிவுரை கூறுதல் ஆயர் பணியில் நாள்தோறும் நேரிடும் கடமைகளுள் ஒன்று. இதனைக் குறிக்க நம் பேச்சுவழக்கிலும் புகுந்துவிட்ட ஆங்கிலச் சொல் ‘அட்வைஸ்’ என்பதாகும். ஒருவர் மற்றவருக்கு ‘இப்படிச் செய்’ என்று எடுத்துச் சொல்வதே அதன் பொருள் என நாம் கொள்கிறோம். ஆனால் அதன் வரலாற்றை ஆராயுங்கால், அது சொல்லுதலில் அன்று, காணுதலில் பிறந்த சொல் என்பது புலனாகும்.

இலத்தீன் மொழியில் ‘விடேரே’ என்பது ‘காண்’ என்னும் வினை. அதன் எச்சவடிவமாகிய ‘வீஸும்’ என்பதற்குக் ‘காணப்பட்டது’, ‘தோன்றியது’ என்று பொருள். ‘எனக்கு இவ்வாறு தோன்றுகிறது’ என்னும் பழைய பிரெஞ்சுச் சொற்றொடரில் இது இடம்பெற்று, நாளடைவில் ‘அவி’ என்னும் தனிப்பெயராகிக் ‘கருத்து’ என்னும் பொருளைத் தந்தது. 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி வழங்கியது. அவ்வழியே இதன் வினைவடிவம் ஆங்கிலத்தில் நுழைந்தது. முதலில் அதற்கு ‘உற்றுநோக்கு’, ‘ஆராய்ந்து பார்’ என்பனவே பொருள். பதினான்காம் நூற்றாண்டு முடிவதற்குள் ‘ஆலோசனை கூறு’ என்னும் பொருளும் சேர்ந்தது. பின்வந்த அறிஞர்கள் இலத்தீன் உருவைக் காட்டவேண்டி இடையே ‘ட்’ ஒலியைப் புகுத்தினர். பிரெஞ்சு மொழியில் இன்றும் அவ்வொலி இல்லை.

1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருமறையில் இவ்விரு பொருள்களும் அருகருகே நிற்கின்றன. 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் ரெகொபெயாம் முதியோரிடம் ஆலோசனை கேட்குமிடத்தில் இச்சொல் இன்றைய பொருளில் வருகிறது. அங்குள்ள எபிரெயச் சொல்லும் ஆலோசனையையே குறிப்பது. ஆனால் 1 நாளாகமம் 21:12இல் தீர்க்கதரிசியாகிய காத், மூன்று தண்டனைகளைத் தாவீதின்முன் வைத்து, எதைத் தெரிந்துகொள்வது என எண்ணிப் பார்க்கும்படி கூறுமிடத்திலும் இதே ஆங்கிலச் சொல் வருகிறது. அங்கு எபிரெயத்தில் நிற்பதோ ‘பார்’ என்னும் வினையே. தீர்க்கதரிசி தெரிவு எதையும் தாமே சொல்லவில்லை. அரசனையே பார்க்கச் செய்கிறார்.

சட்ட மரபும் இப்பழம்பொருளைக் காத்துவந்துள்ளது. பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஸ்காட்லாந்துப் படைமசோதாவுக்கு 1708ஆம் ஆண்டில் ஆன் அரசியார் இசைவு மறுத்தார். அப்போது வழங்கிய பிரெஞ்சு வாய்பாட்டின் பொருள் ‘அரசியார் ஆய்ந்து பார்ப்பார்’ என்பதே. அதற்குப் பின் அங்கு எந்த அரசரும் இசைவு மறுத்ததில்லை.

நாம் வழங்கும் ‘ஆலோசனை’ என்னும் வடசொல்லும் இவ்வாறே பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. கண்ணைக் குறிக்கும் ‘லோசனம்’ என்னும் சொல்லுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. தொடர்பற்ற இரு சொல்வரலாறுகள் ஒரே கருத்தில் வந்து சேருகின்றன.

சொல்லின் பிறப்பே அதன் இன்றைய பொருளைத் தீர்மானிக்கும் என்று கொள்வது தவறு. திருமறை விளக்கத்தில் இத்தவறு நேர்வதை ஜேம்ஸ் பார் 1961ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வன்மையாகக் கண்டித்துள்ளார். எனவே இவ்வரலாற்றைச் சான்றாகக் கொண்டு கோட்பாடு எதையும் நிறுவ முனைவது பொருந்தாது. எனினும் அது நம் முன் ஒரு கேள்வியை வைக்கிறது. துயரோடு வரும் ஒருவர் பேசி முடிக்குமுன்னரே விடை கூறத் தொடங்கும் ஆயர் எதைக் கண்டு கூறுகிறார்? காணாமல் கூறுவது கட்டளையாகலாம்; அறிவுரையாகாது. ‘எனக்கு இவ்வாறு தோன்றுகிறது’ என்று கூறுபவர் தம் பார்வைக்கு எல்லை உண்டென்பதை ஒப்புக்கொள்கிறார். கேட்பவரும் தம் கண்களால் பார்த்துத் தீர்மானிக்க இடம் விடுகிறார்.