தகரத் தொட்டியும் நாற்பத்து நான்கு படலங்களும்

ஒரேயொரு மூலக்கூற்றின் உயரமே தடிப்பான சேதனப் படலங்களைக் கண்ணாடி, உலோகம் போன்றவற்றின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கலாம். அவற்றுக்கு ‘லாங்மியர்–புளொட்ஜெற் படலங்கள்’ என்று பெயர். கலைப்பீடத்துக்காரருக்கு இதில என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். அந்தப் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருந்திருக்க வேண்டிய மூன்றாவது ஆள்தான் எங்களை இழுத்தது.

அக்னெஸ் பொக்கெல்ஸ் 1862இல் வெனிஸில் பிறந்து, ஜேர்மனியின் பிரவுண்ஷ்வைக் நகரில் வாழ்ந்தவர். பௌதிகவியலில் அவ்வளவு விருப்பம். ஆனால் அன்று அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சேர்க்கவில்லை. பெற்றோருக்கோ நோய், அவர்களைப் பராமரிப்பதும் வீட்டு வேலையும் அவர் தலையில் விழுந்தன. தம்பி பிரீட்ரிக் படித்துப் பௌதிகவியலாளரானார். அவர் அனுப்பிய புத்தகங்கள்தான் அக்காவுக்குப் பல்கலைக்கழகம்.

அக்னெஸ் செய்த கருவி இதுதான்: 70 சென்ரிமீற்றர் நீளம், 5 சென்ரிமீற்றர் அகலம், 2 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு தகரத் தொட்டி. அதில் விளிம்புவரை தண்ணீர், குறுக்கே ஒரு தகரப் பட்டி. பட்டியைத் தள்ளினால் ஒரு பக்கத்து நீர்ப்பரப்பு ஒடுங்கும். ஒரு சின்ன வட்டத் தகட்டைத் தண்ணீரில் தொடவைத்து, அதைப் பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று தராசால் அளந்தார். எண்ணெய் பட்ட பரப்பை நெருக்கிக்கொண்டு போனால், ஓர் எல்லைவரை பரப்பிழுவிசை பெரிதாக மாறாது. எல்லையைத் தாண்டியதும் சடாரெனக் குறையும்.

ஏறத்தாழப் பத்து வருட வேலை. 1891 ஜனவரியில் இங்கிலாந்தின் றேலி பிரபுவுக்கு ஜேர்மன் மொழியில் கடிதம் எழுதினார். அவர் அதை மொழிபெயர்ப்போடு ‘நேச்சர்’ சஞ்சிகைக்கு அனுப்ப, மார்ச் 12இல் வெளியானது. இதைச் ‘சமையலறை அதிசயம்’ எண்டு புகழுற கட்டுரைகள் கன இருக்கு. எங்களுக்கு அது பிடிக்கேல்லை. ஆய்வுகூடக் கதவைச் சாத்திப்போட்டு அடுப்படியை மெச்சுவதில் என்ன நியாயம்?

அந்த எல்லையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை 1917இல் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்து இர்விங் லாங்மியர் விளக்கினார். ஸ்டியரிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலை தண்ணீரை விரும்பும். நீண்ட காபன் வால் தண்ணீரை வெறுக்கும். நெருக்கும்போது மூலக்கூறுகள் வயலில் நெற்பயிர் நிற்பதுபோலத் தலையைத் தண்ணீருக்குள் ஊன்றி, வாலை மேலே நீட்டி நிமிர்ந்து நிற்கும். அந்த நிரையின் உயரம் சுமார் 2.5 நனோமீற்றர்.

அதைத் தண்ணீரிலிருந்து திண்மத்துக்கு ஏற்றி அடுக்கிக் காட்டியவர், அவரோடு வேலை செய்த கதரின் புளொட்ஜெற். 1926இல் கேம்பிரிட்ஜில் பௌதிகவியலில் கலாநிதியான முதல் பெண். (பெண்களுக்கு முழு உரிமையுள்ள பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் 1948இல்தான் கொடுத்தது!) கண்ணாடித் தகட்டைப் படலத்துக்குள் அமிழ்த்தினால் ஒரு படை ஒட்டும், வெளியே இழுத்தால் இன்னொன்று. வாலோடு வால், தலையோடு தலை. இப்படியே 44 படைகள் ஏற்றினார். அந்தத் தடிப்பில், படலத்தின் மேற்பக்கத்தில் தெறிக்கும் ஒளியும் அடிப்பக்கத்தில் தெறிக்கும் ஒளியும் ஒன்றையொன்று அழித்துவிடும். சாதாரண கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 வீதத்தைத் தெறிக்கவிடும். 1938இல் அவர் காட்டிய கண்ணாடியில் தெறிப்பு ஏறத்தாழ இல்லை.

ஒரு குறை: விரலால் துடைத்தால் படலம் போய்விடும். அதனால் மூக்குக்கண்ணாடிக்கும் கமராவுக்கும் வெற்றிடத்தில் படியவைக்கும் மக்னீசியம் புளோரைட்டு போன்ற கடினமான பூச்சுகள் வந்தன. சேதனப் படலங்கள் வேறு வழியில் போயின. 1983இல் நஸ்ஸோ, அலாரா இருவரும் கந்தகம் கொண்ட மூலக்கூறுகள் தங்கத்தின் மேல் தாமாகவே அணிவகுப்பதைக் காட்டினார்கள். இன்றைய உயிரிய உணரிகள் பலவற்றுக்கு அந்த நிரைதான் அத்திவாரம்.

1932இல் லாங்மியருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு, 70 வயதில், பொக்கெல்ஸுக்கு அவருடைய ஊர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. 1935இல் அவர் இறந்தார். பட்டி தள்ளும் அந்தத் தொட்டியின் வழிவந்த கருவி இன்றும் ஆய்வுகூடங்களில் பாவனையில் இருக்கிறது. அதை ‘லாங்மியர் தொட்டி’ என்றுதான் பரவலாக அழைக்கிறார்கள்.